மாதோட்டக் கரையில் 'பொன்னியின் செல்வன்': ஒரு மீள்வாசிப்பு

1

இளமையில் விரும்பி வாசித்த நெடுந்தொடர் ஒன்றை மீண்டும் கையிலெடுப்பவர் முன்னர் வாசித்த அதே நூலை வாசிப்பதில்லை. முதல் வாசிப்பிலே 'அடுத்து என்ன நிகழும்?' என்ற வினாவே வாசகரை நடத்திச் செல்கிறது. ஓலை உரியவரிடம் சேர்ந்ததா, ஒற்றன் பிடிபட்டானா, கப்பல் கரை சேர்ந்ததா என்ற பதைப்பிலே பக்கங்கள் புரளுகின்றன. முடிவு தெரிந்துவிட்ட பின்னர் அவ்வினா தன் வலிமையை இழந்துவிடுகிறது. அதனிடத்தில் வேறு வினாக்கள் வந்தமர்கின்றன. கதை எங்கே நிகழ்கிறது? யாருடைய கண்கொண்டு அந்த இடம் காட்டப்படுகிறது? யார் பேசுகின்றனர்? யார் பேசாதிருக்கின்றனர்? நல்ல நூல் இவ்வினாக்களுக்கு முகங்கொடுத்தும் நிலைத்து நிற்கும். மனத்துக்கினிய நூலொன்றை இவ்வாறு சோதித்தல் அதன்மீது கொண்ட அன்புக்கு மாறானதன்று.

தமிழ் இளைஞரிடையே மீண்டும் மீண்டும் வாசிக்கப்பட்ட நெடுந்தொடர் எதுவெனக் கேட்பின், 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தியின் 'பொன்னியின் செல்வன்' என்று விடைகூறப் பலர் தயங்கார். 1950 ஒக்டோபர் முதல் 1954 மே வரை 'கல்கி' வார இதழில், மணியத்தின் சித்திரங்களோடு, மூன்றரை ஆண்டு காலம் இத்தொடர் வெளிவந்தது. 'புது வெள்ளம்', 'சுழற்காற்று', 'கொலை வாள்', 'மணிமகுடம்', 'தியாக சிகரம்' என்னும் ஐந்து பாகங்களில் 293 அத்தியாயங்கள் கொண்டது இது. தொடர் முடிவெய்திய அவ்வாண்டு டிசம்பரிலேயே ஆசிரியரும் மறைந்தார். நூலோ தலைமுறை கடந்து வாழ்கிறது. 2022 இலும் 2023 இலும் மணிரத்னத்தின் இயக்கத்தில் இரு பகுதிகளாகத் திரைப்படமாக வந்தபோது, நூலைக் கேள்வியால் மட்டும் அறிந்திருந்த இளைஞர் பலர் அதனைத் தேடி வாசித்தனர். முன்பே வாசித்தோர் திரைக்கும் நூலுக்குமிடையே வேறுபாடு காணும் பொருட்டு மீண்டும் வாசித்தனர்.

இந்நூல் வழமையாக வரலாற்று நாவல் என்றே வகைப்படுத்தப்படுகின்றது. எனினும் இளம் வாசகர் உள்ளத்தில் அது இயங்கும் முறையை நோக்கின், அற்புதப் புனைகதைத் தொடர்களோடு அதற்குள்ள உறவு புலனாகும். காலப் பொருத்தமும் கவனிக்கத்தக்கது. சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில் முதல் நூல் வெளிவந்தது 1950 இல். ஜே. ஆர். ஆர். டோல்கீனின் மோதிரக் கதைத் தொகுதியின் முதலிரு பாகங்கள் வெளிவந்தது 1954 இல். இம்மூன்று எழுத்தாளர்களும், போர் ஓய்ந்த உலகிலே, நெடுந்தொலைவான ஒரு காலத்தையோ நிலத்தையோ தம் வாசகருக்குப் படைத்தளித்தனர். மூவரின் படைப்பிலும் பொதுவாகக் காணப்படும் அமைப்பு ஒன்றுண்டு. பழகிய உலகிலிருந்து புறப்படும் ஒருவர் ஓர் எல்லையைக் கடந்து வியப்புலகிற் புகுகின்றார். அங்கே சோதனைகளுக்கு உள்ளாகின்றார். பின் மாறிய மனத்தோடு மீளுகின்றார். லூயிஸின் சிறுவர் ஓர் அலுமாரியின் வழியே அவ்வெல்லையைக் கடக்கின்றனர். கல்கியின் வந்தியத்தேவன் பூங்குழலியின் படகிலேறிக் கடலைக் கடக்கின்றான். அவன் சென்றடையும் வியப்புலகு இலங்கை.

இவ்விடத்திலேதான் ஈழத்து வாசகரின், சிறப்பாக மன்னார்க் கரையோர வாசகரின், தனிச் சிக்கல் தொடங்குகின்றது. நார்னியாவிற் பிறந்து வளர்ந்த வாசகர் எவருமிலர். டோல்கீனின் நிலப்படத்திலே தம் ஊரைத் தேடிக் காண்பாரும் இலர். ஆனால் 'பொன்னியின் செல்வன்' காட்டும் வியப்புலகிலே மெய்யாகவே மக்கள் வாழ்கின்றனர். அவர்களும் அந்நூலை வாசிக்கின்றனர்.

2

இத்தொடர் வெளிவந்த காலத்தில் தமிழகத்துக்கும் ஈழத்துக்குமிடையே பிரதான பயணப் பாதை மன்னார்த் தீவின் வழியாகவே சென்றது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலைக் கடந்து, புகையிரதங்களை இணைக்கும் கப்பற் சேவை நடைபெற்றது. தமிழகத்து வார இதழ்கள் ஈழத்திலே ஆவலோடு காத்திருந்து வாசிக்கப்பட்ட காலம் அது. இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, ஒழுங்காக அடுக்கி, தைத்துக் கட்டிவைக்கும் வழக்கம் இரு கரைகளிலும் நிலவியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. பின்னர் போர்க்காலத்திற் கப்பற் சேவையும் நின்றது. தலைமன்னார்ப் புகையிரதப் பாதை 1990 இல் துண்டிக்கப்பட்டு 2015 இலேயே மீளத் திறக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பின்னரும் 'பொன்னியின் செல்வன்' ஈழத்து வாசகரிடமிருந்து நீங்கவில்லை. ஆகவே இந்நூலை மன்னார்க் கரையிலிருந்து மீள நோக்குதல் வலிந்து செய்யும் முயற்சியன்று. அக்கரையோடு நூலுக்குள்ள உறவு நூலுக்குள்ளேயே இருக்கின்றது.

இரண்டாம் பாகமாகிய 'சுழற்காற்று' ஐம்பத்துமூன்று அத்தியாயங்களைக் கொண்டது. அவற்றுள் ஒன்றின் பெயரே 'மாதோட்ட மாநகரம்'. மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலப் பரப்பிலே, திருக்கேதீச்சரம் கோயில் கொண்டுள்ள பழந்துறைமுகமே மாதோட்டம். பாளி நூல்கள் இதனை மகாதித்த என்று குறிக்கும். அநுராதபுர அரசின் கடல்வாயிலாகப் பன்னூறாண்டு விளங்கிய இத்துறையில் மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த வணிகர் பண்டம் மாற்றினர். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் கேதீச்சரத்தின்மீது பதிகம் பாடியுள்ளனர். பாலாவியின் கரையும் மாதோட்ட நன்னகரும் அப்பதிகங்களில் இடம்பெறுகின்றன.

இத்துணைப் பெருமை கொண்ட நகர் கதையில் எவ்வாறு பயன்படுகின்றது? கடலைக் கடந்து இலங்கையை அடைந்த வந்தியத்தேவன் மாதோட்டத்திலே சோழப் படைத்தலைவர் கொடும்பாளூர்ப் பெரிய வேளாரின் காவலில் அகப்படுகின்றான். இராமேசுவரத்துப் பக்கமிருந்து முதன்மந்திரி அநிருத்தரின் ஆணையோடு வந்து சேரும் ஆழ்வார்க்கடியான் அவனை விடுவிக்கின்றான். இருவரும் இளவரசர் அருள்மொழிவர்மரைத் தேடிக் காட்டுவழியே உள்நாடு நோக்கிப் புறப்படுகின்றனர். அடுத்து வரும் அத்தியாயங்களின் தலைப்புக்களே பாதையைச் சொல்கின்றன. 'காட்டுப் பாதை' வருகின்றது, 'இராஜபாட்டை' வருகின்றது, 'அநுராதபுரம்' வருகின்றது. கதை மாதோட்டத்துக்குத் திரும்பி வந்து தங்குவதில்லை. அந்நகரத்து மக்களுள் ஒருவரேனும் கதையின் போக்கை நிர்ணயிக்கும் பாத்திரமாக வளரவுமில்லை. மாதோட்டம் ஒரு சிறை, அதன்பின் ஒரு வாயில், அவ்வளவே.

முதல் வாசிப்பில் இது எவருக்கும் உறுத்துவதில்லை. வாசகர் வந்தியத்தேவனின் குதிரைமீதே அமர்ந்திருக்கின்றார். அவனது அவசரம் வாசகரின் அவசரமாகிவிடுகின்றது. மன்னாரிலிருந்து வாசிக்கும் இளைஞரும் கொடிக்கரையிலே படகேறி, தன் சொந்த நாட்டுக்கு அந்நியராக வந்திறங்குகின்றார். 'இது இலங்கை!' என்ற அத்தியாயத் தலைப்பிலே தொனிக்கும் வியப்பை அவரும் பகிர்ந்துகொள்கின்றார். பிறந்த மண்ணைப் புதுமையாகக் காட்டிவிடும் இவ்வாற்றல் கல்கியின் மொழிநடைக்கும் கதைசொல்லும் திறனுக்கும் கிடைத்த வெற்றி. மறுமுறை வாசிக்கையிலேதான் படகிலிருந்து கரையைப் பார்ப்பதற்கும் கரையிலிருந்து படகைப் பார்ப்பதற்குமுள்ள வேறுபாடு உறைக்கின்றது.

3

கடல்வழி வருவோர் ஈழத்துக் கரையை வியப்புலகாகக் காண்பது கல்கியோடு தொடங்கியதன்று. மகாவம்சம் கூறும் விஜயன் கதையிலே கரையிறங்கும் இளவரசன் இயக்கியாகிய குவேனியை எதிர்கொள்கின்றான். வந்தவர் மனிதர், இருந்தவர் இயக்கர். வந்தவரின் கண்கொண்டு சொல்லப்படும் கதையில் இருந்தவர் அமானுடராகிவிடுவது உலகெங்கும் காணப்படும் இயல்பு. அற்புதப் புனைகதை என்னும் இலக்கிய வகை இவ்வியல்பிலிருந்தே தன் உணவைப் பெறுகின்றது எனலாம்.

மன்னார்க் கரை மக்களும் கதை கட்டுவதிற் பின்தங்கியவரல்லர். அரிப்புக் கடலோரத்தில் இடிபாடாக நிற்கும் கட்டடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த்துக்காக எழுப்பப்பட்ட மாளிகை. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய அமைந்த அம்மாளிகையை மக்கள் 'அல்லிராணிக் கோட்டை' என்றே வழங்குகின்றனர். தெற்கே குதிரைமலையும் அல்லி கதையோடு இணைத்துப் பேசப்படுகின்றது. ஆடவரை அடக்கியாண்ட அரசி பற்றிய கதையொன்றைத் தமக்குக் கிடைத்த இடிபாட்டின்மீது ஏற்றி, அந்நியர் மாளிகையைத் தமதாக்கிக் கொண்டது அக்கரையின் கற்பனை. இங்கே கரையில் இருந்தவரே கதை சொல்கின்றனர். குவேனியின் கதைக்கும் அல்லியின் கதைக்குமுள்ள இவ்வேறுபாட்டை மனங்கொண்டு நோக்கினால், கல்கி எவ்விடத்தில் நிற்கின்றார் என்பது தெளிவாகும்.

அவர் இரண்டு இடங்களிலும் நிற்கின்றார். வியப்புலகு ஒன்றைப் படைக்க வேண்டிய கதாசிரியர் என்ற வகையில் இருளையும் காட்டையும் பாழ்மண்டபத்தையும் பேய்ச்சிரிப்பையும் தாராளமாகக் கையாளுகின்றார். கொடிக்கரைச் சதுப்பிலே கொள்ளிவாய்ப் பேய்கள் எரிகின்றன. கடலைக் கடந்ததும் 'பூதத் தீவு' வருகின்றது. ஆனால் அதே கை இவற்றை அவிழ்த்தும் விடுகின்றது. கொள்ளிவாய்ப் பேய்க்கு நிலத்தின் இயல்பைக் காரணங் காட்டுகின்றார். பூதத் தீவின் பெயருக்கு அவர் தரும் விளக்கம் இன்னும் சுவையானது. புத்தர் போதனையோடு தொடர்புற்ற 'போதத் தீவு' என்பதே மக்கள் வாயிற் பூதத் தீவாயிற்று என்று கதை கூறுகின்றது. பூதம் என்று அஞ்சியதை அணுகிப் பார்த்தால் அது போதம். அந்நியரின் மதம், அந்நியரின் நினைவு. பிறருடைய புனிதத்தைப் பேயாகக் கண்ட பிழையை ஒரு பெயர் விளக்கத்திலே கல்கி திருத்திவிடுகின்றார். முதல் வாசிப்பிலே அரைநொடியிற் கடந்து செல்லும் இவ்விடம் மறுவாசிப்பிலே நூலின் திறவுகோல்களுள் ஒன்றாகத் தோன்றுகின்றது.

4

கரையில் இருந்தவருக்கு நூல் குரல் கொடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு நூலே விடையளிக்கும் இடம் மந்தாகினியின் பாத்திரம். ஊமை ராணி என்று அழைக்கப்படும் அவள் கடற்கரை மக்களுள் ஒருத்தி. கொடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகளான பூங்குழலிக்கு அத்தை முறையினள். சோழ இளவரசனாயிருந்த சுந்தர சோழர் ஈழத்தின் அருகேயுள்ள தீவொன்றில் அவளைக் கண்டு காதலிக்கின்றார். பின்னர் அரச கடமை அவரை இழுத்துச் சென்றுவிடுகின்றது. காவிரியில் விழுந்த குழந்தை அருள்மொழியைக் காத்தவளும் அவளே. அரண்மனை அக்காப்பைத் தெய்வச் செயலாக்கி, 'காவேரி அம்மன்' என்று பெயரிட்டுவிடுகின்றது. சோழ அரியணையின் வரலாற்றையே மாற்றக்கூடிய உண்மைகளை அறிந்தவள் அவள். அவளாற் பேச முடியாது.

வியப்புலகின் உண்மையை அறிந்தவரை ஊமையாகப் படைத்தமை தற்செயலா, திட்டமா என்று ஆராய்வது வீண்முயற்சி. அதன் விளைவே ஆராயத்தக்கது. அநுராதபுரத்துப் பழைய மாளிகையில் அவள் சுவரோவியங்களைச் சுட்டிக்காட்டித் தன் வாழ்வை இளவரசருக்கு உணர்த்துகின்றாள். 'சித்திரங்கள் பேசின' என்னும் அந்த அத்தியாயம் ஐந்து பாகங்களிலும் உயர்ந்தவற்றுள் ஒன்று. அரசகுமாரன் அங்கே கட்டளையிடுவதில்லை. கவனித்துப் பார்த்து அறிய முயல்கின்றான். தான் அறிந்த மொழியில் எதிரிலிருப்பவர் பேசவேண்டும் என்று எதிர்பாராமல், அவர் காட்டும் வழியிலே சென்று பொருள் கொள்ளும் பொறுமை அங்கே அரச குணமாகின்றது.

ஆயினும் கதையின் முடிவு அப்பொறுமையைத் தொடர்ந்து காக்கவில்லை. ஐந்தாம் பாகத்தில் மந்தாகினி தஞ்சை அரண்மனையிலே சுந்தர சோழரைக் குறிவைத்து எறியப்பட்ட வேலைத் தன்மேல் ஏற்று மடிகின்றாள். பூங்குழலி சேந்தன் அமுதனை மணந்து அரசியாகின்றாள். ஒருத்தி அரசனுக்காக இறக்கின்றாள். மற்றவள் அரண்மனைக்குள் எடுத்துக்கொள்ளப்படுகின்றாள். புயலிலே இளவரசரையும் வந்தியத்தேவனையும் மீட்ட படகு கரையில் வெறுமையாகக் கிடக்கின்றது. கடல் தந்தவற்றையெல்லாம் பெற்றுக்கொண்ட காவிரிக்கரைக் கதை கடலுக்குத் திருப்பிக் கொடுத்தது சிறிதே. இதனைச் சுட்டிக்காட்டுவது நூலின் சுவையைக் குறைக்காது. பூங்குழலியின் பாத்திரம் நூலின் மற்றைய பெண்பாத்திரங்களினும் ஏன் நினைவில் ஆழமாகப் பதிகின்றது என்பதற்கு அதுவே விளக்கமுமாகும். கடலில் அவளுக்கிருந்த சுதந்திரத்தை அரண்மனை ஈடுசெய்யவில்லை என்பதை வாசகர் உணருகின்றார்.

5

இந்நூலிலே மெய்யான அற்புதம் எது? பேய்களல்ல, பூதங்களுமல்ல, அவற்றுக்கெல்லாம் ஆசிரியரே காரணங் காட்டிவிட்டார். காரணங் காட்டப்படாத அற்புதம் ஒன்றே நூலில் எஞ்சுகின்றது. அது படையெடுத்து வந்த நாட்டிலே கொள்ளையிட மறுக்கும் ஒரு சேனாபதி.

அருள்மொழிவர்மர் தம் படைக்கு வேண்டிய உணவைச் சோழநாட்டிலிருந்து அனுப்புமாறு கேட்கின்றார். வென்ற நாட்டிலே படை உணவு தேடிக்கொள்ளவேண்டும் என்பது பழுவேட்டரையரின் வாதம். போரிலே சிதைந்த விகாரைகளைப் பழுதுபார்க்க இளவரசர் ஏற்பாடு செய்கின்றார். அதனால் மனமுருகிய பிக்குமார் இலங்கைச் சிங்காதனத்தையே அவருக்கு அளிக்க முன்வருகின்றனர். அவர் ஏற்க மறுக்கின்றார். நூலின் முடிவிலே சோழ மகுடத்தையும் சிற்றப்பனுக்கு விட்டுக்கொடுக்கின்றார். இரு அரியணை மறுப்புக்களுக்கிடையே ஐந்து பாகங்களும் அமைந்திருக்கின்றன.

வரலாறு வேறு கூறுகின்றது. சுந்தர சோழன் காலத்து ஈழப் படையெடுப்பிலே கொடும்பாளூர்ச் சிறிய வேளான் மாண்டமை கல்வெட்டால் அறியப்படுவது. இளவரசன் அருள்மொழி ஈழத்திற் படை நடத்தியமை புனைவின் பாற்பட்டது. 985 இல் முடிசூடிய முதலாம் இராஜராஜனின் படைகள் 993 அளவில் வட இலங்கையைக் கைப்பற்றின. அநுராதபுரம் தன் தலைமையை இழந்தது. 1017 அளவில் இராஜேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். தாதுகர்ப்பங்கள் உடைக்கப்பட்டமையையும் பொற்படிமங்கள் கவரப்பட்டமையையும் சூளவம்சம் வேதனையோடு பதிவு செய்கின்றது. மாதோட்டத்துக்கும் சான்று உண்டு. தாழி குமரன் என்னும் சோழநாட்டவன் அங்கே இராஜராஜ ஈஸ்வரம் என்ற கோயிலை எடுப்பித்து, விழாவுக்கும் விளக்குக்கும் நிவந்தம் வைத்தமையைக் கல்வெட்டொன்று கூறுகின்றது. அதில் ஈழம் மும்முடிச் சோழமண்டலம் ஆகின்றது. மாதோட்டம் இராஜராஜபுரம் ஆகின்றது. கதையிலே சிங்காதனத்தை மறுத்த கை வரலாற்றிலே ஊரின் பெயரையும் எடுத்துக்கொண்டது.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஈழத்து முற்போக்கு விமர்சன மரபு வரலாற்றுப் புனைகதைகளை ஐயத்தோடு நோக்கியமைக்கு இத்தகைய முரண்கள் போதிய காரணம். கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோர் வளர்த்த அம்மரபு, இலக்கியத்தை அது தோன்றிய சமூகத்தோடு பொருத்திக் காணுமாறு பணித்தது. அந்நோக்கில் மன்னர் புகழ்பாடும் மனோரதியக் கதைகள் நிகழ்காலத்தின் சிக்கல்களிலிருந்து தப்பியோடும் வழிகளாகவே தோன்றின. அக்குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது. பழம்பெருமை பேசும் அரசியல் சோழப் பேரரசைத் தன் கொடியாக ஏந்தியபோது, அக்கொடிக்கு உணர்ச்சி ஊட்டிய நூல்களுள் 'பொன்னியின் செல்வன்' முதன்மையானது.

எனினும் அக்குற்றச்சாட்டு ஒன்றைக் காணாது விடுகின்றது. கொடி ஏந்துவோருக்கு வேண்டியது வென்ற அருள்மொழி. நூல் தருவதோ மறுத்த அருள்மொழி. விடுதலைப் போராட்டத்திற் சிறைசென்றவரும் காந்தியத்தில் ஆழ்ந்த பற்றுடையவருமான கல்கி, இந்தியா குடியரசாகிய அதே 1950 இல் இத்தொடரை எழுதத் தொடங்கினார். புதிதாக ஆட்சியைப் பெற்ற ஒரு தேசத்துக்கு ஆட்சியை எவ்வாறு கையாளுதல் வேண்டும் என்று கூற ஒரு கனவு அவருக்கு வேண்டியிருந்தது. பத்தாம் நூற்றாண்டு இளவரசனுக்கு இருபதாம் நூற்றாண்டின் மனச்சாட்சியை அவர் அணிவித்தார். இது வரலாற்றுப் பிழை என்பதில் ஐயமில்லை. ஆனால் வரலாறு தவறிய இடத்தைச் சரியாக அடையாளங்கண்ட பிழை அது. உணவு, வழிபாட்டிடம், அரியணை ஆகிய மூன்றிலுமே படையெடுத்த அரசுகள் குற்றம் இழைத்தன. கல்கியின் இளவரசன் அம்மூன்றையுமே தீண்டாது விடுகின்றான்.

6

1954 இல் இதனை வாசித்து முடித்த ஈழத்தவருக்கு இக்கனவு இனிய கனவாக இருந்திருக்கும். 1956 ஆம் ஆண்டுத் தனிச்சிங்களச் சட்டமும் 1958 ஆம் ஆண்டு வன்செயலும் அப்போது வரவில்லை. 1983 இன் பின் அதே பக்கங்களை மறுபடி திறந்தவருக்கு அவை வேறு பொருள் தந்தன.

மன்னார்க் கரையின் அண்மைக்கால வரலாறு இம்மாற்றத்துக்குச் சான்று. 1983 முதல் 2009 வரை வடபகுதியிலிருந்து தமிழகத்துக்குச் சென்ற அகதிகளுட் பலர் தலைமன்னார், பேசாலை முதலான கரைகளிலிருந்தே இரவில் படகேறினர். சிலர் இராமர் அணை மணற்றிட்டுக்களில் இறக்கிவிடப்பட்டு, மீட்பாரை எதிர்பார்த்துக் கிடந்தனர். மண்டபம் முகாம் பலருக்கு இரண்டாம் ஊராயிற்று. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி முதலான மன்னார்த் தீவின் ஊர்களிலிருந்து மக்கள் வீட்டையும் பொருளையும் விட்டுக் கடல்வழியே தெற்கே சென்றனர். இவற்றைக் கண்டும் கேட்டும் வளர்ந்தவருக்கு 'நடுக்கடலில்' என்ற அத்தியாயம் வீரசாகசமாக மட்டும் தோன்றாது. இரவு, படகு, கரை தெரியாத நீர், படகோட்டியின் மீது வைக்கவேண்டிய நம்பிக்கை ஆகியவை அக்கரையின் குடும்பங்கள் பலவற்றின் நினைவு. வந்தியத்தேவனின் பயணத்துக்கு எதிர்த்திசையிலே ஓர் ஊரே பயணஞ் செய்திருக்கின்றது. அவனிடம் இருந்த ஓலையும் அவர்களிடம் இருக்கவில்லை.

கொள்ளையிடாத படை என்ற கற்பனையும் அவ்வாறே எடை மாறுகின்றது. பல கொடிகளின் கீழ்ப் பல படைகள் வந்துபோன மண்ணிலே, படையானது மக்களின் உணவைத் தொடக்கூடாது, வழிபாட்டிடத்தைச் சிதைக்கக்கூடாது, சிதைந்திருப்பின் திருத்தித் தரவேண்டும் என்று கூறும் இளவரசனை வாசகர் இனிக் காவியத் தலைவனாக மட்டும் காண்பதில்லை. அவன் ஓர் அளவுகோல். அவ்வளவுகோலைச் சோழருக்கு வைத்தாற் சோழர் தவறுகின்றனர். பிற்காலத்தார்க்கு வைத்தால் அவர்களும், எம்மொழி பேசினும், தவறுகின்றனர். தம் முன்னோர்க்கும் தம்மவர்க்கும் எதிராகவும் பயன்படக்கூடிய ஓர் அளவுகோலைத் தமிழ் இளைஞரின் கையில், கதைச்சுவையோடு கலந்து, இந்நூல் கொடுத்திருக்கின்றது. சோழப் பெருமை பாட இந்நூலை எடுப்போர் அதனை அரைகுறையாகவே வாசித்தோராவர்.

இளமையில் விரும்பிய தொடர்களை மீண்டும் வாசிப்போர் இருவகையினர். பழைய இன்பம் அப்படியே கிடைக்கவேண்டும் என்று விரும்பி, மாறுபட்டுத் தோன்றுவனவற்றைக் காணாதது போற் கடப்போர் ஒருவகை. குறைகள் கண்ணிற் பட்டதும் நூலையே தூக்கியெறிவோர் மற்றொருவகை. 'பொன்னியின் செல்வன்' இருவரையும் விடப் பொறுமையான வாசகரை வேண்டி நிற்கின்றது. அவ்வாசகர் நூலை ஒரு கையிலும் மாதோட்டக் கல்வெட்டையும் சூளவம்சத்தையும் மறு கையிலும் வைத்து வாசிப்பார். பூங்குழலியின் படகிலும் ஏறுவார். கரையில் நின்று அதனைப் பார்க்கவும் செய்வார்.

அவ்வாறு வாசிப்பதற்குரிய வழியை நூலே ஓரிடத்திற் காட்டுகின்றது. இளவரசரின் பாசறையிலே சோழ வீரர் 'ஏலேல சிங்கன்' கூத்து ஆடுகின்றனர். ஈழத்திலே தோற்று மடிந்த தமிழ் அரசனாகிய எல்லாளனின் கதை அது. அவனை வென்ற துட்டகைமுனு, வீழ்ந்த பகைவனுக்குச் சின்னம் எழுப்பி, அவ்விடத்தைக் கடப்போர் வாத்தியம் இசையாது செல்லுமாறு பணித்தமையை மகாவம்சம் கூறும். வென்றவரின் நூல் தோற்றவரின் மேன்மையைக் காத்து வைத்தது. பல நூற்றாண்டின் பின் தோற்றவரின் வழித்தோன்றல்கள் கற்பனையில் அதனைக் கூத்தாக ஆடுகின்றனர். கூத்து மரபு இன்றும் வாழும் மன்னார் மண்ணிலே இவ்வத்தியாயம் தனியே எடுத்து ஆடப்படுவதற்கு உரியது. அதில் துட்டகைமுனுவாக வேடமிடுபவருக்கும் எல்லாளனாக வேடமிடுபவருக்கும் சமமான பாட்டும் சமமான ஆட்டமும் வேண்டும். கல்கியின் இளவரசன் அத்தகைய கூத்தையே முன்வரிசையிலிருந்து பார்த்திருப்பான்.